மெயின் தேர்வில் மென்ஸ் ரியா (குற்ற மனநிலை): மூன்றாம் கூறில் உள்நோக்கம் எங்கே முடிகிறது?

சிவில் நீதிபதி மெயின் தேர்வு முடிவு வந்துவிட்டது. அடுத்த முறை எழுதப்போகிறவர்களுக்குச் சூடு ஆறுமுன் சொல்ல வேண்டியது ஒன்றுதான். குற்றவியலில் மதிப்பெண் போவது தீர்ப்புகளின் பெயர் மறந்துபோவதால் அல்ல. பிரிவில் உள்ள மனநிலைச் சொல் எதைப் பற்றி நிற்கிறது என்று பார்க்காமல் எழுதுவதால்தான்.

கொலையை வரையறுக்கும் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 101-இன் மூன்றாம் கூறையே எடுத்துக்கொள்ளுங்கள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 300 தேர்ட்லி. உடற்காயம் விளைவிக்கும் உள்நோக்கம் வேண்டும் என்கிறது. உள்நோக்கம் அந்தக் காயத்தோடு முடிந்துவிட்டது. ‘இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது’ என்ற மீதி வரி காயத்தைப் பற்றியது, எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) மனதைப் பற்றியது அல்ல. ‘இந்தக் காயத்தால் ஆள் செத்துப்போவான் என்று எதிரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதினீர்களோ, அதற்குப் பிறகு எத்தனை பக்கம் எழுதினாலும் விடை நிமிராது.

விர்சா சிங் வழக்கில் (1958) எதிரி தரப்பு இதைத்தான் வாதாடியது. அடிவயிற்றில் ஈட்டியால் ஒரே குத்து, குடல் வெளியே வந்துவிட்டது. ‘மரணம் விளைவிக்கப் போதுமான காயத்தை உண்டாக்கத்தான் எண்ணினான் என்று நிரூபிக்கவில்லையே’ என்றார்கள். நீதிபதி விவியன் போஸ் ஏற்கவில்லை. அவர் வகுத்த வரிசையை அப்படியே விடையில் இறக்குங்கள்: ஒன்று, காயம் இருக்கிறதா; இரண்டு, அது என்ன மாதிரிக் காயம்; மூன்று, அந்தக் குறிப்பிட்ட காயத்தை உண்டாக்கத்தான் எண்ணினானா, அல்லது தற்செயலாகவோ வேறு காயத்தை எண்ணியோ பட்டதா; நான்கு, அது மரணம் விளைவிக்கப் போதுமானதா. மனதுக்குள் போவது மூன்றாவது கேள்வி மட்டுமே. நான்காவதற்கு விடை மருத்துவர் சாட்சியத்தில் இருக்கிறது.

அதனால் தீர்ப்பு எழுதும் வினாவில் முதலில் பிரேதப் பரிசோதனை மருத்துவரின் சாட்சியத்தைத் தேடுங்கள். ‘காயம் எண் 2 மரணம் விளைவிக்கப் போதுமானது’ என்று இருந்தால் மூன்றாம் கூறு திறக்கிறது. ‘மரணம் விளைவிக்கக்கூடும்’ என்று மட்டும் இருந்தால் மரணம் விளைவிக்கும் குற்றத்தைச் சொல்லும் பிரிவு 100-இலேயே நின்று, கொலை ஆகாத அந்தக் குற்றத்துக்குத் தண்டனை சொல்லும் 105-க்குப் போக வேண்டியிருக்கும். இந்த ஒரு சொல் வித்தியாசத்துக்காகவே வினாவில் அந்த வரியை வைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

உள்நோக்கத்தை எதிலிருந்து ஊகிப்பது என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்: ஆயுதம், அடிபட்ட இடம், அடியின் வேகம், எத்தனை அடி, அப்போது சொன்ன வார்த்தை. முன்விரோதத்தை இதோடு கலக்காதீர்கள். அது ஏன் செய்தான் என்பது. உள்நோக்கம் எதைச் செய்ய எண்ணினான் என்பது. நேரில் பார்த்த சாட்சி நம்பகமாக இருந்தால் முன்விரோதம் நிரூபிக்கப்படாததால் மட்டும் வழக்கு விழாது.

படிக்கும்போது ஜோடியாகப் படியுங்கள்:

– பழனி கவுண்டன் (சென்னை, 1919): மனைவியைக் கொழுவால் தலையில் அடித்தான். இறந்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலைபோல் காட்டத் தூக்கில் தொங்கவிட்டான். உயிர் போனது தூக்கில்தான். பிணம் என்று நம்பியதைத் தொங்கவிட்டவனுக்கு மரணம் விளைவிக்கும் உள்நோக்கம் இல்லை; பழைய பிரிவு 299-கூட (இன்றைய 100) இல்லை.
– தவமணி (சென்னை, 1943): தொடக்கத்திலேயே கொல்லும் எண்ணம். இறந்ததாக நினைத்துக் கிணற்றில் போட்டாலும் கொலைதான்.

இரண்டையும் பிரிப்பது முதல் அடியின்போது மனதில் என்ன இருந்தது என்பதுதான். விஷம் கலந்த அல்வா யாரைக் கொல்லக் கொடுக்கப்பட்டதோ அவர் சாகாமல், அதைத் தின்ற சிறுமி இறந்த சூர்யநாராயண மூர்த்தி வழக்கை (சென்னை, 1912) இங்கே கொண்டுவராதீர்கள். அது ஆள் மாறிய வழக்கு, பி.என்.எஸ். 102.

105-இன் இரண்டு பகுதிகளை மனநிலைதான் பிரிக்கிறது. உள்நோக்கம் இருந்தால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு. அறிவு (மரணம் விளையக்கூடும் என்று தெரிந்திருப்பது) மட்டும் என்றால் 10 ஆண்டு வரை. எந்தப் பகுதி என்று எழுதாமல் ‘105-இன்கீழ் குற்றவாளி’ என்று முடித்தால் தீர்ப்பு பாதியில் நிற்கிறது. பழைய 304-இல் 5 ஆண்டுக் குறைந்தபட்சம் இல்லை. பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

குற்றச்சாட்டு வனைவதில் இரண்டு விஷயம். கொலைக்கு நான்கு கூறுகளையும் வரிசையாக எழுதி நேரத்தைக் கரைக்க வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 234-இன்படி ‘கொலை’ என்ற பெயரே சட்டத்தின் எல்லா நிபந்தனைகளையும் தாங்கும். மோசடியில் அப்படி இல்லை. எப்படி ஏமாற்றினான் என்பதை 236 கேட்கிறது. பணம் வாங்கிய அன்றே திருப்பித்தரும் எண்ணம் இல்லை என்பது குற்றச்சாட்டிலேயே தெரிய வேண்டும். பிறகு தரமுடியாமல் போனது வெறும் ஒப்பந்த மீறல்.

வினாவில் குடிபோதை வந்தால் பாஸ்தேவ் வழக்கு (1956), பி.என்.எஸ். 24. தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு இருந்திருக்கும் அறிவு இருந்ததாகச் சட்டம் கொள்ளும். உள்நோக்கத்தை அப்படி ஏற்றிவிட முடியாது. சூழ்நிலையிலிருந்து எடுக்க வேண்டும். நடக்க முடிந்ததா, பேச்சு தெளிவாக இருந்ததா, செய்த பிறகு ஓட முயன்றானா என்று சாட்சியத்தில் தேடி, ஒவ்வொன்றுக்கும் அ.சா. (அரசுத் தரப்பு சாட்சி) எண்ணைப் போட்டு எழுதுங்கள்.