அம்மாவோட மெழுகு பிளாக்கும் ஒரு மெத்திலேஷன் டெஸ்டும்

போன வருஷம் அம்மாவுக்கு மாடி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு குடியாத்தத்துல ஒரு கிளினிக்குக்கு கூட்டிகினு போனோம், ஹீமோகுளோபின் 7, வயசு 69 ஆச்சில்ல ரத்தம் கம்மியாதான் இருக்கும்னு அயர்ன் மாத்திரை எழுதி குடுத்தாங்க. ஆறு மாசம் அதையே முழுங்கிகினு இருந்தாங்க. அந்த ரத்தம் எங்க போவுதுன்னு அவங்களும் பாக்கல, எங்களுக்கும் கேக்க தோணல. அப்புறம் வேலூர் வந்து கொலனோஸ்கோபி, அதான் கேமரா வெச்ச டியூப விட்டு குடல பாக்கறது, பண்ணா பெருங்குடல்ல வலது பக்கம் கேன்சர் கட்டி. அந்த பக்கம் குடல் அகலம், உள்ள போறதும் தண்ணியா இருக்கும், அதனால சீக்கிரம் அடைக்காது, ரத்தம் மட்டும் கண்ணுக்கு தெரியாம கசிஞ்சிகினே இருக்குமாம்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது. தூக்கம் போனது அதுக்கப்புறம்தான். கட்டியோட ரிப்போர்ட்ல எம்எல்ஹெச்1 புரோட்டீன் இல்லன்னு வந்துச்சு. செல்லு டிஎன்ஏவ காப்பி எடுக்கறப்ப வர்ற தப்ப திருத்தறதுக்கு அது வேணும். அது இல்லாம போறதுக்கு ரெண்டு காரணம் சொன்னாரு டாக்டர். ஒன்னு, பொறந்ததுலேந்தே அந்த ஜீன்ல கோளாறு, அதுக்கு பேரு லின்ச் சிண்ட்ரோம், பரம்பரையா கேன்சர் வர்ற வகை, அப்படின்னா புள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் அந்த கோளாறு இருக்க பாதிக்கு பாதி சான்ஸ். இன்னொன்னு மெத்திலேஷன். ஜீன் நல்லாத்தான் இருக்கும், ஆனா அதோட ஆரம்பத்துல மெத்தில்னு ஒரு சின்ன கெமிக்கல் வரிசையா ஒட்டிக்கினு அத வேலை செய்ய விடாது. கடை இடிஞ்சி போவல, ஷட்டர இறக்கி பூட்டிட்டாங்க, அவ்ளோதான். இது வயசாக ஆக அந்த கட்டிக்குள்ள மட்டும் நடக்கறது, வாரிசுக்கு வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

அக்கா பொண்ணுக்கு அப்ப மாப்ள பாத்துகினு இருந்தாங்க. "ஜீன் கீன்னு வெளிய வாய தொறக்காதடா, ஆரணிக்காரங்க காதுல விழுந்தா அவ்ளோதான்"னு அக்கா போன்ல அழுவுது.

மொதல்ல கட்டில பிராஃப்னு இன்னொரு ஜீன டெஸ்ட் பண்ணாங்க. அதுல மாற்றம் இருந்தா பரம்பரை இல்லன்னு அதோட கிட்டத்தட்ட முடிச்சிருக்கலாம், எங்க நேரம், இல்லன்னு வந்துச்சு. அதனால மெத்திலேஷன் டெஸ்ட், அது வெளி லேப்ல. இங்கதான் நான் ஏமாந்தேன், எனக்கு தெரிஞ்ச மாதிரி ஆஸ்பத்திரில "சாம்பிள் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிகினு போனேன், அவங்க கண்ணாடி ஸ்லைடு குடுத்தாங்க, லேப்ல அத திருப்பி குடுத்துட்டு மெழுகு பிளாக்தான் வேணும்னாங்க. நீங்க போனா ரிப்போர்ட் நம்பரோட "பாரஃபின் பிளாக்"னே லெட்டர்ல எழுதி கேளுங்க, ஒரு வாரம் மிச்சமாவும். கைல வாங்கனப்ப ஒரு மாதிரி ஆயிட்டுது. தீப்பெட்டிய விட சின்ன பிளாஸ்டிக் சட்டம், ஓரத்துல பென்சில்ல நம்பர், நடுவுல வெள்ள மெழுகு, அதுக்குள்ள நகம் அளவுக்கு பழுப்பா அம்மாவோட சதை. மே மாசம், வேலூர் வெயில் உங்களுக்கே தெரியும். உருகிடுமான்னு பிளாக் எடுத்து குடுத்தவர கேட்டேன், "55 டிகிரிக்கு மேலதான் சார் உருகும், நம்ம ஊரு இன்னும் அங்க போவல"ன்னு சிரிச்சாரு. அப்பவும் அத வண்டி டேங்க் கவர்ல வெக்க மனசு வரல, சட்ட பாக்கெட்ல வெச்சிகினு போனேன்.

மூணு வாரம் கழிச்சி ரிசல்ட், மெத்திலேஷன் பாசிட்டிவ். வாழ்க்கைல மொத தடவ பாசிட்டிவ்னு பாத்து சந்தோஷப்பட்டேன்.

சரி தப்பிச்சோம்னு பாத்தா டாக்டர் என்ன பாத்து "உங்களுக்கு என்ன வயசு"ன்னாரு. 43. லின்ச் இல்லன்னாலும் பெத்தவங்களுக்கு குடல் கேன்சர் வந்திருந்தா 40லேந்து நாமளும் குடல பாக்கணுமாம். எனக்கு அந்த டியூப நெனச்சாலே வயித்த கலக்குது, அதனால அமெரிக்கால 2014ல அனுமதி குடுத்த மலம் டெஸ்ட் இருக்குதே, என்டிஆர்ஜி4, பிஎம்பி3 ஜீன்ல இதே மெத்திலேஷனத்தான தேடறாங்க, அத பண்ணிடலாமான்னு படிச்சத வெச்சி கேட்டேன். "அது 100 கேன்சர்ல 92 புடிக்கும், ஆனா கேன்சர் ஆவறதுக்கு முன்னாடி இருக்கற பெரிய பாலிப், அதான் குடல் உள்சுவர்ல வளர்ற சதை, அதுல பாதி கூட புடிக்காது, நமக்கு வேண்டியது அதுதான, பாசிட்டிவ் வந்தாலும் கடைசில டியூப்தான்"னாரு. வாய மூடிக்கினேன்.

டியூப் விடறதுக்கு முன்னாடி குடல் சுத்தமாவ மருந்து தண்ணி ரெண்டு லிட்டர், உப்பு கரிக்கும், எலுமிச்ச புழிஞ்சி குடிச்சேன், ராத்திரி பூரா பாத்ரூம்தான். டியூப் விட்டது தெரியவே இல்ல, மயக்கத்துல இருந்தேன். 6 மில்லிமீட்டர்ல ஒரு பாலிப், அப்பவே எடுத்துட்டாங்க, அடினோமா, அதாவது விட்டா பின்னாடி கேன்சரா மாறக்கூடிய வகை, இப்ப கேன்சர் இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சி வர சொன்னாங்க.

அக்காவுக்கு 47. கல்யாணம் முடியட்டும்டான்னு சொல்லிகினு இருந்துச்சு, அம்மாதான் "கல்யாணத்துக்கு முன்னாடி போய் காட்டிகினு வாடி, அப்புறம் பேரன் பேத்தின்னு நீ எங்க போவப்போற"ன்னு திட்டுனாங்க. வர்ற செவ்வாக்கெழமை டோக்கன் போட்டிருக்கேன்.