நியூபோர்ட் முதல் ஃப்ளாரன்ஸ் வரை: ஆர்.வி.யில் ஓரிகன் கரையோரம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தின் கடலை ஒட்டியே போகிறது 101 நெடுஞ்சாலை. அதில் நியூபோர்ட்டுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் இடையே சுமார் 50 மைல். காரில் ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். நாங்கள் ஒரு முழுப் பகலை இதற்கென்றே ஒதுக்கியிருந்தோம். அதுவும் போதவில்லை.

இந்தச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கே போவது நல்லது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும். தெற்கே போனால் கடலும் வலக்கைப் பக்கமே வரும். எதிரே வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டு திரும்பாமல், பார்க்க வேண்டிய இடங்களில் அப்படியே ஒதுங்கி நிறுத்தலாம். சமையலறையும் படுக்கையும் உள்ள வீட்டு வண்டியான நீளமான ஆர்.வி.யை ஓட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி.

நேரத்தை வகுத்துக் கொடுத்தது கடல்தான். காலை ஒன்பதை ஒட்டி நீர் வற்றும், பிற்பகல் மூன்றை ஒட்டிப் பெருகும் என்று ஓத அட்டவணையில் இருந்தது. வற்றும்போது பார்க்க வேண்டியது யகீனா முனை. பெருகும்போது பார்க்க வேண்டியது பெர்பெச்சுவா முனையிலுள்ள தோர் கிணறு. இரண்டும் ஒரே சாலையில், அதே வரிசையில் அமைந்திருப்பது இந்தக் கரையின் அதிர்ஷ்டம்.

யகீனா முனையில் 1873 முதல் எரியும் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 93 அடி, ஓரிகனிலேயே உயரமானது. ஆனால் அதன் காலடியில் இருக்கும் கூழாங்கல் கரையில்தான் எங்கள் காலைப்பொழுது கழிந்தது. எல்லாம் கறுத்த, உருண்ட பசால்ட் கற்கள். சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கே வெகுதொலைவில் பொங்கிய எரிமலைக் குழம்பு, முன்னூறு மைலுக்கு மேல் ஓடிவந்து இங்கே கடலில் உறைந்ததாம். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஒலி, பெரிய கூட்டம் ஒன்று கைதட்டுவதுபோல் இருக்கிறது. நீர் விலகிய பாறைக் குட்டைகளில் ஊதா நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் நட்சத்திர மீன்கள், பச்சைக் கடல் சாமந்திகள், பாறையையே குடைந்து குடியிருக்கும் கடல் முள்ளெலிகள். 2013இல் தொடங்கிய ஒரு நோய் இந்தக் கரை நெடுக நட்சத்திர மீன்களைக் கொத்துக் கொத்தாக அழித்தது. அது தெரிந்திருந்ததால், கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் நின்று நின்று பார்த்தேன். வெற்றுப் பாறையிலும் மணலிலும் மட்டும் கால் வையுங்கள். மற்ற இடமெல்லாம் ஏதோ ஓர் உயிரின் வீடு.

பிறகு 1936இல் கட்டிய யகீனா விரிகுடாப் பாலம். காற்று பக்கவாட்டில் தள்ளும், ஆகவே மெதுவாக. வால்ட்போர்ட், யாஹாட்ஸ் ஊர்களில் இறங்கவில்லை.

பெர்பெச்சுவா முனைக்குச் சேர்ந்தபோது கடல் பெருக இன்னும் நேரமிருந்தது. ஆர்.வி.யின் அருமை இங்கேதான் தெரியும். பார்வையாளர் மையத்தில் வண்டியை நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, சாலைக்கு அடியில் புகுந்து போகும் பாதையில் கடலுக்கு இறங்கினோம். தோர் கிணறு என்பது பாறைத் தளத்தில் விழுந்த வட்டமான ஓட்டை. கீழிருந்து நீர் பொங்கி மேலே சிதறும். அடுத்த நொடி சுற்றியுள்ள நீரெல்லாம் நாலாபுறமிருந்தும் அதற்குள் கொட்டி மறையும். ஒவ்வொரு அலைக்கும் வேறொரு அளவு, வேறொரு வேகம். நாங்கள் பெருக்கு உச்சத்துக்கு வரும்வரை நகரவே இல்லை. தள்ளி நின்றே பாருங்கள். பாறை வழுக்கும், எதிர்பாராத பேரலை வரும். கடலுக்கு முதுகு காட்டவே கூடாது.

முனையின் உச்சி சுமார் 800 அடி. மேலே போகும் சாலை குறுகலும் வளைவுமாக இருப்பதால் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து ஏறினோம். உச்சியிலுள்ள கல் மண்டபத்தை 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், அரசு வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் கட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் தெற்கே கரை மடிப்பு மடிப்பாக நீள்கிறது. இவ்வளவு நீளத்தில் எங்கும் வேலியோ ‘உள்ளே வராதே’ பலகையோ கடற்கரையை மறிக்காமல் இருப்பதற்கு ஒரு சட்டம் காரணம். 1967இல் ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்ட கடற்கரைச் சட்டம், ஓரிகனின் மணல் முழுவதையும் மக்களின் பயன்பாட்டுக்கு உறுதி செய்தது. இந்தக் கரையில் என் மனதை அதிகம் தொட்டது அதுதான்.

ஹெசெட்டா முனையின் கலங்கரை விளக்கம் 1894ஆம் ஆண்டுடையது. அதைப் படமெடுக்க நல்ல இடம், பாலத்தையும் சுரங்கத்தையும் கடந்ததும் வலப்புறம் வரும் ஒதுக்கிடம். சற்றுத் தள்ளி கடற்சிங்கக் குகை. கோடையில் கடற்சிங்கங்கள் பெரும்பாலும் வெளியே பாறைத் திட்டில் குட்டிகளோடு கிடக்கும். மேலே நின்றே பார்த்துவிடலாம். குகைக்குள் அவை நிறைந்திருப்பதைப் பார்க்க இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ வாருங்கள்.

இரவுக்கு ஃப்ளாரன்ஸைத் தாண்டி, மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் ஹனிமன் மாநிலப் பூங்கா. மின்சார, தண்ணீர் இணைப்புள்ள இடங்கள் உண்டு. கோடையில் போவதாக இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்; தேதியை முடிவு செய்யும்முன் ஓத அட்டவணையை ஒருமுறை பாருங்கள். காலையில் நீர் வற்றி, பிற்பகலில் பெருகுகிற நாளாகப் பார்த்து எடுங்கள்.