புளி, சொம்பு, பெங்களூரா மாங்காய்: என் வாட்டர்கலர் பழக்கம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறேன். வரைய ஆசைப்படுகிற பலரும் நல்ல காட்சிக்காகக் காத்திருக்கிறார்கள். ஒகேனக்கல் போகும்போது வரையலாம், ஏற்காடு போகும்போது வரையலாம் என்று நாள் தள்ளிப்போகிறது. என் ஸ்கெட்ச் நோட்டு சமையல் மேடை, வாசல், தெரு என்ற மூன்று இடத்துக்குள்ளேயே நிரம்பி வருகிறது. பழக்கம் அறுந்துபோகாமல் நிற்பதற்கும் அதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

காலையில் டிகாஷன் இறங்குகிற நேரம் எனக்கு. என்ன வரைவது என்று காலையில் யோசிக்க ஆரம்பித்தால் அந்த நேரம் யோசனையிலேயே போய்விடும். அதனால் மறுநாளுக்கான பொருளை இரவே மேடைமேல் எடுத்து வைத்துவிடுகிறேன். பூண்டு, கரண்டி, பாதி உரித்த தேங்காய், எதுவானாலும் சரி. ஒரே பொருளை ஒரு வாரம் விடாமல் வரைகிறேன். மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் அதை உண்மையில் பார்க்கவே தொடங்குகிறோம்.

எவர்சில்வர் சொம்பு அப்படித்தான் பிடிபட்டது. மேலிருந்து பார்க்கும்போது வாய்ப்பகுதியின் வட்டம் ஒடுங்கித் தெரியும். கீழே போகப்போக வட்டம் அகலும். அடிப்பக்கத்தைத் தட்டைக் கோடாகப் போட்டால் சொம்பு மேடைமேல் உட்காராது, மிதக்கும். பளபளப்புக்கென்று வெள்ளைப் பெயின்ட் தேவையில்லை. ஜன்னல் சொம்பின் வயிற்றில் கோணலாக ஒரு சின்னக் கட்டமாக விழுகிறது. அந்த இடத்தைக் காகிதத்தின் வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். அதை ஒட்டி அழுத்தமான நிழலைக் கூர்மையான விளிம்போடு வைத்தால் போதும், உலோகம் மின்னும்.

மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் எங்கு பார்த்தாலும் புளி. ஓட்டைத் தட்டி, நாரை உருவி, கொட்டையை எடுத்து, பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து மாலைவரை வேலை செய்வார்கள். நோட்டோடு போய் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, மூஞ்சியப் போடாத, புளிய நல்லாப் போடு" என்றார். "சரிங்க பெரிம்மா, கையை மட்டும் போட்டுக்கறேன்" என்றேன். அன்று வரைந்தது அவருடைய கட்டைவிரல்தான். பிசுக்கு ஏறிக் கறுத்த நகம், விதையைப் பிதுக்கும்போது உள்ளே மடங்குகிற முதல் கணு. கை ஓயாமல் அசைந்தாலும், அதே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே நிலை மறுபடி வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு முறையும் ஒரு கோட்டைச் சேர்க்கலாம்.

புளி எனக்கு நிறக்கலவையையும் கற்றுக்கொடுத்தது. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரின் நீலமும் சேர்ந்தால் போதும். சியன்னா தூக்கலாக இருந்தால் செம்பழுப்பான புதுப்புளி. நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கறுத்த பழம்புளி. அதே இரண்டும் நிறையத் தண்ணீரோடு சேர்ந்தால் சொம்பின் நிழலுக்கான சாம்பல் நிறம். பெட்டி நிறையக் கலர் வாங்குகிற காசைக் காகிதத்தில் போடுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த பருத்திக் காகிதத்தில் தண்ணீர் நிற்கும், நிறம் மெதுவாகப் பரவும். மெல்லிய டிராயிங் நோட்டில் எவ்வளவு பழகினாலும் இது கைக்கு வராது.

டியூப் வாங்கும்போது பெயரைவிட அதன்மேல் உள்ள நிறமி எண்ணைப் பார்ப்பது நல்லது. அலிசரின் கிரிம்சன் என்ற அழகான சிவப்பில் பி.ஆர். 83 என்று இருந்தால் அது வெயிலில் வெளுக்கும். பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். திறந்திருந்த பாதி நன்றாகவே மங்கிவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது பி.வி. 19 என்று போட்ட குவினாக்ரிடோன் ரோஸ் வைத்திருக்கிறேன்.

மாங்காய் சீசனில் பெங்களூராவும் செந்தூராவும். பெங்களூரா கூழ் தொழிற்சாலைகளுக்கு டிராக்டர் டிராக்டராகப் போகிற காய். அதன் மூக்கு வளைவை ஒரே கோட்டில் பிடிப்பது நல்ல பயிற்சி. காம்படியில் பால் வடிந்த கறையையும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் காய்போல இருக்கும். செந்தூராவுக்கு முதலில் மஞ்சள், அது ஈரமாக இருக்கும்போதே தோள்பக்கம் சிவப்பு. பிரஷ்ஷை எடுத்துவிட்டு, இரண்டும் தானாகக் கலக்க விட வேண்டும். சித்திரை வெயிலில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை, பூசப்பூசக் காய்ந்து விளிம்பு விழுகிறது. காகிதத்தின் பின்பக்கத்தையும் நனைத்து, ஈரமான டைல்மேல் படிய வைத்தால் ஈரம் நிற்கிறது. மார்கழியிலோ நேர்மாறு. ஒரு வாஷ் (தண்ணீராகப் பரப்பிய நிறப்பூச்சு) காய்வதற்குள் காபியே ஆறிவிடும்.

இப்போது தெருமுனையிலிருந்து தெரிகிற கோட்டை மலையை எடுத்திருக்கிறேன். தினமும் பார்க்கிற மலை, அதனாலேயே அதுவும் என் கணக்கில் சொம்புதான். பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட எங்கள் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த 1792-லேயே, ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டை மலைக்கோட்டையை வரைந்திருக்கிறார்கள். நேரில் வரைந்ததை லண்டன் திரும்பிய பிறகு அச்சுப்படங்களாக வெளியிட்டார்கள். அந்தப் படத்தில் வெறும்பாறைக்கு அவர்கள் கொடுத்திருக்கிற கனத்தைப் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது.

பாறைக்கும் அதே புளிக்கலவைதான். அல்ட்ராமரினின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் படிந்து தானாகவே சொரசொரப்பைக் கொடுக்கின்றன. மழைத்தண்ணீர் வழிந்த கறுப்புத் தடங்களை, வாஷ் காய்ந்த பிறகு உலர்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுக்கிறேன். ஒரே தாளை மூன்றாகப் பிரித்து காலை, உச்சி, சாயங்காலம் என்று மலையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சாயங்காலக் கட்டத்தில் அடிவாரத்து மரங்களின் பச்சை இன்னும் சேறாகவே வருகிறது. அடுத்த வாரம் தாலோ பச்சை என்ற அழுத்தமான பச்சையில் சியன்னா கலந்து பார்க்கப் போகிறேன்.