புது வேர்ஷன் வந்திட்டுதெண்டு பதறாதேங்கோ

அறிவியல்நகர், பம்பைமடு கம்பஸுகளில முடிச்சுப்போட்டு வன்னியில வீட்டில இருந்தே கோட் எழுதுற பெடியள், பிள்ளையளுக்கு.

"அது செத்துப்போச்சு, இதைப் படி" எண்டு கிழமைக்கொரு வீடியோ வரும். விடுங்கோ. பார்க்கவேண்டியது ஆதரவு முடியிற திகதியைத்தான். நோட் ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியில ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுறது) 18க்கு 2025 ஏப்ரல் 30ஓட பாதுகாப்புத் திருத்தம் நிண்டுபோச்சு. இன்னும் அதில நிக்கிறாக்கள் மாறத்தான் வேணும்.

பேக்கேஜ் ஜேசனில (புரொஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜுகளின்ர பட்டியல்) ஒண்டுக்கு ^4.2.0 எண்டு கிடந்தா, 4.2.0இல இருந்து 5.0.0க்குக் கீழ வாற எந்த வேர்ஷனும் உள்ளுக்க வரலாம். இறக்கின வேர்ஷனுகளை அப்படியே குறிச்சுவைக்கிற லொக் ஃபைலை கிட்டில (கோட் மாற்றங்களைப் பதிஞ்சுவைக்கிற டூல்) போடாட்டி நேற்று ஓடினது இண்டைக்கு ஓடாமப் போகலாம். சேர்வரில பேக்கேஜ் இறக்க 'என்பிஎம் இன்ஸ்டால்' கொமாண்ட் வேண்டாம், 'என்பிஎம் சிஐ' குடுங்கோ. லொக்கில உள்ளதை அப்படியே இறக்கும், பேக்கேஜ் ஜேசனோட ஒத்துவராட்டி எரர் காட்டி நிக்கும். டொங்கிள் டேட்டாவில வேலை செய்யிறாக்கள் 'ப்ரிஃபர் ஆஃப்லைன்' ஒப்ஷனையும் சேருங்கோ, கேஷில (முந்தி இறக்கிவைச்சதில) இருக்கிறதைத் திரும்ப இறக்காது.

ரியாக்ட் புரொஜெக்டைத் தொடங்கித் தாற கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பெப்ரவரியில கைவிட்டிட்டினம். அதை விட்டிட்டு வீட்டுக்கு (நாங்கள் இருக்கிற வீடில்லை, Vite எண்ட டூல்!) மாறேக்க இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லை பப்ளிக் ஃபோல்டரில இருந்து வெளியில, ரூட்டுக்குக் கொண்டுவாங்கோ. சறுக்கிற இடம் என்வி ஃபைல் (ஏபிஐ முகவரி மாதிரி செட்டிங்குகளை வைக்கிறது): 'ரியாக்ட்_ஆப்_' எண்டு தொடங்கின பெயரெல்லாம் 'வீட்_' எண்டு மாறவேணும். மறந்தா எரரே வராது, ஏபிஐ முகவரி மட்டும் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பில்லை) எண்டு போகும்.

வேர்ஷன் ஏத்தேக்க ஒரு தரத்தில ஒரு பேக்கேஜ், ஒரு கொமிட் (கிட்டில ஒரு பதிவு). பத்தை ஒண்டாத் தூக்கினா எது உடைச்சதெண்டு விடியும்வரை தேடவேண்டியதுதான்.