ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டில் மாற்றும்போது அளவே முக்கியம்

என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்களில் பலர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலைப் பல ஆண்டுகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காரின் ஆயுள் முழுவதும் அதை மாற்றத் தேவையில்லை என்று சில கையேடுகள் சொல்வதே இதற்கு முக்கியக் காரணம். ஆனால் பல கார் நிறுவனங்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், தன் கியர்பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவர்களின் சொல்லையே நான் ஏற்கிறேன். என் காரில் இந்த வேலையை நானே செய்துகொள்கிறேன்.

இந்த ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ள டார்க் கன்வெர்ட்டருக்குள் என்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவதும், அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுவதும், உள்ளே உண்டாகும் வெப்பத்தைக் கூலருக்குக் கொண்டுபோவதும் இதே ஆயில்தான். கிளட்ச் தட்டுகள் வழுக்காமலும் வெட்டென்று பிடிக்காமலும் இருப்பதற்கான உராய்வுச் சேர்க்கைகள் இதில் கலந்திருக்கும். தொடர்ந்த வெப்பத்தில் அவை மெல்ல மெல்லச் செயலிழக்கும். இதனால்தான் சரியான ரகத்தைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு முக்கியம். டெக்ஸ்ரான் 6, டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1 என ஒவ்வொன்றும் தனித் தரக்குறிப்பு கொண்டது. படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி வகைக்கும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் உரிய ஆயில்கள் முற்றிலும் வேறு. சிவப்பு நிறம் கசிவை அடையாளம் காண்பதற்காகச் சேர்க்கப்படும் சாயம் மட்டுமே என்பதால், நிறத்தைப் பார்த்து ஆயில் வாங்கக் கூடாது. கையேட்டில் உள்ள குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலைகளிலும் ஸ்டாண்டு வைத்து ஒரே மட்டத்தில் உயர்த்த வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால், பின்னால் பார்க்கப்போகும் ஆயில் மட்டம் பொய்யாகிவிடும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து. ஆயிலை வெளியேற்றும் பிளக்கைத் தொடுவதற்கு முன், ஆயிலை ஊற்றும் பிளக்கைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிடுவது என் கண்டிப்பான விதி. ஆயில் முழுவதும் வடிந்த பிறகு மேல் பிளக் அசைய மறுத்தால், அந்தக் கார் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வடியும் ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, அளவுக்கோடு உள்ள ஜாடியில் ஊற்றி, எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் அடித்தட்டைக் கழற்றினால் அதிலுள்ள காந்தங்களைக் கவனமாகப் பார்க்கலாம். மெல்லிய சாம்பல்நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலுக்குத் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் இருந்தால் கியர்பாக்ஸுக்குள் ஏதோ உடைந்து வருகிறது என்று பொருள். பில்டரும் கேஸ்கெட்டும் பிளக்கின் வாஷரும் புதிதாக இருக்கட்டும். அடித்தட்டின் போல்ட்டுகள் மிகக் குறைந்த முறுக்கத்தையே தாங்கும். பலவற்றில் அது 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும் என்பதால், கைவலிமையை நம்பாமல் முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் பயன்படுத்துவதே நல்லது.

என் பார்வையில் உண்மையான வேலை இனிமேல்தான். வடிந்த அளவு புது ஆயிலை ஊற்றுவது தொடக்கம் மட்டுமே. என்ஜினை இயக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி கியர் நெம்புகோலை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடிகள் நிறுத்தி நகர்த்தினால், ஆயில் எல்லா வழிகளிலும் நிரம்பும். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் இல்லாத பல கியர்பாக்ஸ்களில், என்ஜின் ஓடும்போதே, குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டம் பார்க்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் அது 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். உங்கள் கியர்பாக்ஸுக்கு உரியதைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்து, காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனர் காட்டும் எண்ணை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆயில் மெல்லிய கோடாக வழிந்து சொட்டுகளாகக் குறையும்போது பிளக்கை மூட வேண்டும். ஒன்றும் வழியவில்லையென்றால் இன்னும் ஊற்ற வேண்டும். வெப்பத்தில் ஆயில் விரிவடைகிறது. ஆகவே மிகக் குளிர்ந்த நிலையில் மட்டம் பார்த்தால் தேவைக்கு மேல் ஊற்றிவிடுவோம். மிகச் சூடாக இருக்கும்போது பார்த்தால் வேண்டிய ஆயிலும் வழிந்து போய்விடும். அதிகமானால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும்; இரண்டிலும் அழுத்தம் குலைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயும். டிப்ஸ்டிக் உள்ளவற்றிலும் சூடான நிலைக்கும் குளிர்ந்த நிலைக்கும் தனித்தனிக் குறிகள் இருப்பது இதனால்தான்.

ஒருமுறை வடித்தால் ஆயில் முழுவதும் வெளியே வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர் கொள்ளும் கியர்பாக்ஸில் 3 லிட்டர் வடிவதாக வைத்துக்கொண்டால், முதல் முறையில் 37.5 சதவீதமும், இடையே சிறிது ஓட்டிவிட்டு மீண்டும் செய்யும்போது சுமார் 61 சதவீதமும், மூன்றாம் முறையில் சுமார் 76 சதவீதமும் புது ஆயிலாக இருக்கும். அழுத்தத்தோடு செலுத்தி அலசும் இயந்திரத்தைவிட இந்தப் பொறுமையான வழியையே நான் விரும்புகிறேன். ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்து, கியர் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்தால் தேய்ந்த தட்டுகளைப் புது ஆயில் சரிசெய்யாது. அந்நிலையில் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிவிடுவதே சரி.

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகு, பிளக்கைச் சுற்றியும் அடித்தட்டின் ஓரத்திலும் ஈரம் தெரிகிறதா என்று மறுநாளும் ஒருமுறை பாருங்கள். பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.