பனகல்னா பனைமரமா?

"சித்தப்பா, பனகல்னா பனைமரமா?"

தீபாவளித் துணி வாங்கிய அலுப்பில், நாலு பைகளையும் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தி. நகர் பனகல் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகள் கேட்டாள்.

இந்தக் கால முதலமைச்சர் மாதிரி ஒருவர் என்றேன். நம்பவில்லை.

பனகல் அரசர் ராமராயநிங்கார். காளஹஸ்தியில் பிறந்தவர், நீதிக்கட்சிக்காரர். 1921 ஜூலையிலிருந்து 1926 டிசம்பர் வரை சென்னை மாகாணத்தின் முதன்மை மந்திரி. இரட்டையாட்சிக் காலம். கல்வியும் சுகாதாரமும் மந்திரிகள் கையில், நிதியும் போலீசும் கவர்னர் பக்கம். குடித்தனம் இவருக்கு, பீரோ சாவி அவருக்கு!

1923 நவம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அவர் பக்கம் 65 வாக்கு, எதிர்ப்பக்கம் 44 என்று தப்பினார். கோயில் வரவு செலவைக் கேள்வி கேட்கும் அறநிலையச் சட்டத்துக்கு எவ்வளவோ எதிர்ப்பு. விடாப்பிடியாக நின்று அதையும் நிறைவேற்றினார்.

தி. நகர் உருவானதும் அவர் ஆட்சியில்தான். ஆனால் ஊருக்கு வைத்த பெயர் கட்சித் தலைவர் தியாகராயருடையது. 1920இல் அதே பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர் அவர்.

ஐந்து வருஷம் ஆண்டவருக்குப் பூங்கா, வேண்டாம் என்றவருக்கு ஊரே!

இதைச் சொல்லத் திரும்பினால், அவள் பஞ்சுமிட்டாய்க்காரர் பக்கம் பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.