மிச்சமிருக்கும் ஒரு மில்லிலீற்றர்

குருதிப் புற்றுநோய் ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்றால், வெள்ளவத்தையில் சொந்தக்காரர்கள் கேட்கும் முதற்கேள்வி, "மருந்து கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்பதுதான். கேட்பதில் பிழையில்லை. ஆனால் எங்கள் வேலையில் பெரும்பகுதி மருந்துக்கு வெகு முன்னால் நடப்பது. பிள்ளைக்கு வந்திருப்பது என்ன நோய் என்று உறுதிசெய்ய வைத்தியர்கள் இடுப்பெலும்பிலிருந்து என்புமச்சை எடுப்பார்கள். பரிசோதனைகளுக்குப் போனது போக ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர் மிஞ்சும். பெற்றோர் சம்மதித்தால் அது எங்களிடம் வரும். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில், அந்த மிச்சத்தோடுதான் என் நாட்கள் போகின்றன.

ஊதா மூடிக் குழாய் மேசைக்கு வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் நிற்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கக் கலங்கள் குழாய்க்குள்ளேயே செத்துப்போகும். மச்சையை உப்புக் கரைசலில் ஐதாக்கி, ஃபைகோல் என்ற அடர்த்தியான திரவத்தின்மேல் தனிப் படையாக நிற்கும்படி விடுவோம். குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு வழியவிட வேண்டும். கை அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். பிறகு சென்ட்ரிபியூஜ். அதுவும் பிரேக் இல்லாமல் தானாகச் சுழன்று ஓய வேண்டும். வெளியே எடுத்தால் அடியில் செங்குழியங்கள், மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் வெண்ணிறமாக மெல்லிய ஒரு வளையம். நோய் முற்றிய பிள்ளையின் குழாயில் அந்த வளையம் தடிப்பாகவே தெரியும். இத்தனை வருடமாகியும் அதைப் பார்க்கும்போது நெஞ்சு ஒருதரம் அடைக்கும்.

வளையத்தை உறிஞ்சி எடுத்து, கழுவி, எண்ணி, டி.எம்.எஸ்.ஓ. கலந்து உறையவைப்போம். பனிப்பளிங்குகள் கலத்தைக் கிழிக்காமல் காப்பது டி.எம்.எஸ்.ஓ.; அறை வெப்பத்தில் அதே பொருள் கலத்துக்கு நஞ்சு. அதனால் அது கலந்த பிறகு யார் கூப்பிட்டாலும் நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் குளிரவைத்து மறை 80 பாகைக்குக் கொண்டுபோய், அதன்பின் திரவ நைதரசன் தாங்கிக்குள் இறக்குவோம். 2022 மின்வெட்டுக் காலத்தில் நாங்கள் மறை 80 பெட்டிகளின் கதவுகளை நாடா ஒட்டி மூடிவிட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது எங்கள் சொத்தல்ல என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக உறைத்தது.

இவ்வளவு பாடு எதற்கு? வெளிநாடுகளில் பெரிய ஆய்வுகூடங்கள் இருக்கின்றனவே, முடிவுகளை வாசித்தால் போதாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது மெர்கப்டோபியூரின் என்ற குளிசையின் கதையை.

லிம்ஃபோபிளாஸ்டிக் வகைக் குருதிப் புற்றுநோய் உள்ள பிள்ளைகள் முதற்கட்டச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பின்னும் நீண்ட காலம் அந்தக் குளிசையை நாள்தோறும் விழுங்க வேண்டும். கெர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் உருவாக்கிய மருந்து. 1953இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1988இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். சில பிள்ளைகளுக்கு இதே குளிசை வழக்கமான அளவிலேயே வெண்குழியங்களை அடியோடு வீழ்த்திவிடும். காய்ச்சல், கிருமித்தொற்று, மறுபடி வாட். இதற்கு ரி.பி.எம்.ரி. என்ற மரபணுவே காரணம் என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஐரோப்பியரைப் பொறுத்தவரை அது சரி. ஆசியப் பிள்ளைகளில் அந்த மரபணு ஒழுங்காக இருந்தும் மருந்து தாங்காமற் போனவர்கள் இருந்தார்கள். 2014இல் கொரியாவில், இதே குடும்ப மருந்தை உட்கொண்ட குடல் நோயாளிகளை ஆராய்ந்தபோது என்.யு.டி.ரி.15 என்ற வேறொரு மரபணு பிடிபட்டது. அடுத்த ஆண்டே குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளிலும் அதையே கண்டார்கள். மருந்தின் வீரியமான வடிவத்தை உடைத்துத் தணிக்கும் நொதியம் அந்த மரபணுவிலிருந்து வருவது. அது பழுதானால் மருந்து கலங்களுக்குள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு பிரதியும் பழுதான பிள்ளை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு அளவையே தாங்கும். கிழக்காசியர்களில் இந்த மாற்றம் பரவலாக உண்டு. தெற்காசியர்களான எங்களிடமும் உண்டு.

குளிசை வந்து அறுபது வருடம் வரை இது தெரியாமல் இருந்ததற்கு மருந்தியல் கடினம் என்பது காரணமல்ல. எங்களைப் போன்றவர்களின் குருதி ஆராய்ச்சி மேசைகளில் போதியளவு இருக்கவில்லை. நான் இந்த வேலையை விடாமல் இருப்பதற்கு இந்த ஒரு நியாயம் போதும்.

ஆனால் குருதி மேசைக்கு வர, யாரோ ஒருவர் போய்த் தாயிடம் கேட்க வேண்டும். தமிழ்க் குடும்பம் என்றால் அந்த வேலை எனக்கு. மகரகமவில் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பங்கள் அநேகம். பிள்ளைக்குக் கான்சர் என்று கேள்விப்பட்ட மறுநாள், சில நேரம் அன்றைக்கே, கையில் ஒரு படிவத்தோடு நான் போய் நிற்கிறேன். ஒரு மனிதரிடம் எதையாவது கேட்பதற்கு அதைவிடப் பொல்லாத நேரம் இருக்க முடியாது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தாய், நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "இத குடுத்தா எம்புள்ளைக்கு நல்லாயிருமா மிஸ்?"

"இல்லையம்மா. வைத்தியம் வேற, இது வேற. நீங்க வேண்டாமெண்டாலும் வைத்தியத்தில ஒரு குறையும் வராது."

"அப்ப யாருக்கு?"

"பிறகு வாற பிள்ளையளுக்கு உதவலாம்."

"திரும்பக் குத்துவாங்களா?"

"இல்லை. ஏற்கெனவே எடுத்ததில மிச்சம்தான்."

வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். வீட்டுக்காரருக்கு போன் கிடைக்கவில்லை. மறுநாள் பின்னேரம்வரை பதில் வரவில்லை. அந்தக் குழாய் கழிவுப் பெட்டிக்குப் போனது. கூட வேலைசெய்யும் ஒருவர், இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பார் என்றார். சம்மதித்திருப்பார்தான். வெள்ளைக் கோட் போட்டவர் இரண்டாம் முறை கேட்டால், அந்த நிலையில் எந்தத் தாய் மறுப்பாள்? அதனால்தான் நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

இந்தத் துறையின் வரலாறே, பிறகு வரும் பிள்ளைகளுக்கு உதவும்படி கொடுத்தவர்களின் வரலாறு. 1948இல் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர், அமினோப்டெரின் என்ற மருந்தை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் பத்துப் பேரிடம் நோய் பின்வாங்கியது. அந்த மருந்து வந்தது எல்லப்பிரகத சுப்பராவ் தலைமையில் லெடர்லி நிறுவனத்தில் இயங்கிய குழுவிடமிருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். எங்கள் மாணவர்களில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாதது எனக்குப் பெரிய மனக்குறை. அந்த முன்னேற்றம் தற்காலிகமானது, நோய் திரும்பிவந்தது. ஆனால் அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேற்றை இன்றும் எங்கள் பிள்ளைகள் கிழமைக்கொரு தடவை எடுக்கிறார்கள்.

தாய்மார் என்னிடம் அதிகம் கேட்பது ஆராய்ச்சியைப் பற்றியல்ல. "நான் என்ன பிழை விட்டேன்?" என்பதைத்தான். வயிற்றில் இருக்கும்போது கொழுந்து பறிக்கப் போனேன், மருந்து அடித்த மலையில் நின்றேன், கிரகணத்தன்று வெளியே வந்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அப்போது எனக்குக் கைகொடுப்பது பிரித்தானிய ஆய்வாளர் மெல் கிரீவ்ஸும் அவரோடு உழைத்தவர்களும் 1990களில் செய்த வேலை. ஒரே உருவ இரட்டையர் இருவரின் நோய்க் கலங்களிலும், அச்சொட்டாக ஒரே இடத்தில் முறிந்து ஒட்டிய மரபணுவைக் கண்டார்கள். கருப்பையில் ஒரு பிள்ளையில் தோன்றிய கலம், பொதுவான சூல்வித்தகம் வழியே மற்றதற்கும் போயிருக்கிறது. பிறந்தவுடன் குதிக்காலில் குத்தி அட்டையில் ஒற்றிவைத்த குருதிப் பொட்டுகளைத் தேடியெடுத்துப் பார்த்தபோது, பல வருடம் கழித்து நோய் வந்த பிள்ளைகள் சிலரின் அட்டையிலும் அதே முறிவு இருந்தது. அந்தப் பொட்டுகளும் வேறு பரிசோதனைக்காக எடுத்ததன் மிச்சம்தான். அந்த முதல் மாற்றத்தோடு பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. பிறந்தபின் இன்னும் மாற்றங்கள் சேர வேண்டும். இதையெல்லாம் அந்த வாங்கில் இருந்து விரித்துச் சொல்ல முடியாது. கலம் பிரியும்போது நேர்ந்த பிழை அம்மா, நீங்கள் விட்ட பிழையல்ல என்று மட்டும் சொல்வேன். ஆறுதலுக்காகச் சொல்வதென்று நினைத்தால் நம்ப மாட்டார்கள். ஆராய்ந்து கண்டது என்று சேர்த்துச் சொல்வேன்.

இப்போது நாங்கள் ஒரு மாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறோம். மிச்சத்தை உறையவைத்து வைத்திருப்போம், தொடமாட்டோம். முதற்கட்டச் சிகிச்சை முடிந்து, பிள்ளை கொஞ்சம் தேறி, தகப்பனும் வந்துபோன பிறகுதான் கேட்பது. வேண்டாம் என்றால் அழித்துவிடுவது. ஆராய்ச்சி முடிவுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பக்கத்தில் எழுதிக் குடும்பங்களுக்கு அனுப்பும் செலவையும் திட்டத்திலேயே சேர்த்திருக்கிறோம். தமிழ்ப் படிவத்தின் வரைவைக் கிளினிக்கில் காத்திருந்த சில தாய்மாருக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவர் உடனே கேட்டார்: "இன்னிக்கு சரின்னு சொல்லிட்டு அடுத்த வருஷம் வேணாம்னா, அத்தனையில எங்க புள்ளையோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" படிவத்தில் அதற்குப் பதில் இருக்கவில்லை. குழாயின் இலக்கத்தை எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்க ஒரு சிறு அட்டை சேர்த்திருக்கிறோம். விண்ணப்பம் இந்த மாதம் நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது.